அலாரம் வைத்துத் தந்தவள்

ராகலை பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவள் பதினாறு வயதுப் பிள்ளை. மடியில் ஓட்டப் பந்தயத்துக்குக் காலில் போடும் சப்பாத்து. திடீரென அவள் போன் அதட்டியது: “பம்ப் அடிச்சியாடி?” பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் கூச்சமில்லாமல் ஆஸ்துமா பம்பை வாயில் வைத்து இழுத்தாள்.

“அம்மா விடியவே தேயிலைக் கொழுந்தெடுக்கப் போயிருவாங்க. அதான் அவங்க குரலையே அலாரமா வச்சேன். போன வருசம் மருந்த மறந்து, ஓட்டப் போட்டியில பாதியில நின்னுட்டேன். இந்த வருசம் முடிச்சே தீருவேன்.”

பஸ்ஸைவிடச் சத்தமாக மூச்சிரைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள். “ஒங்க பம்ப் எங்க மாமா?”

“அலமாரியில பத்திரமா இருக்கும்மா.”

என் போனை வாங்கி, “மாமா, பம்ப்!” என்று கத்திப் பதிந்து, காலை அலாரமாக வைத்துத் தந்தாள்.

பெயர் கேட்க மறந்தேன். தினமும் காலையில் அவள் அதட்ட, மனைவி சொல்லியும் கேட்காத நான் பம்புக்கு வாயைத் திறக்கிறேன். ஓட்டத்தை முடித்திருப்பாள் என்றே தோன்றுகிறது. அந்தக் குரலில் மூச்சுக்குப் பஞ்சமில்லை.