பிப்ரவரித் தேர்தல்

நவம்பர் தேர்தலை உலகமே பார்க்கிறது. நியூ ஜெர்சியில் எங்கள் பக்கம் பிப்ரவரியிலும் ஒரு தேர்தல் உண்டு. அதை எங்கள் தெருகூடப் பார்ப்பதில்லை. தீயணைப்புக்கென்றே தனியாக வரி வாங்கும் வட்டத்துக்கான தேர்தல் அது. ஒரு சனிக்கிழமை, பாதி உருகிய பனி சாலையோரம் சாம்பலாய்க் கிடக்கும் நாளில், ஃபயர் ஹவுஸுக்குள்ளேயே நடக்கும். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு அந்த இடத்தில் மேசை போடுவார்கள். வருகிறவர்களை விட மேசையில் இருப்பவர்கள் அதிகமோ என்று தோன்றும். வட்டத்தின் பட்ஜெட்டுக்கும் அங்கேதான் ஓட்டு.

நான் இதைப் பற்றி எழுதுவது எனக்கே விநோதம். என் கருத்துகள் எல்லாம் பெரிய தேர்தல்களுக்கானவை.

கருத்துகளுக்கு எப்போதும் குறைவில்லை. டெக்சாஸ் இர்விங்கில் வந்து இறங்கிய அபார்ட்மெண்டில் தொடங்கி, கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் சில வருடம் வாடகை கொடுத்து, இங்கே வீடு வாங்கியது வரை, பெட்டியோடு பெட்டியாக அவையும் கூடவே வந்தன. கல்யாணம் நிலைக்க வேண்டும். பிள்ளைகள் பெற்றவர்களிடம் வளர வேண்டும். பள்ளிக்கூடம் கணக்கைச் சொல்லிக்கொடுத்தால் போதும், மனசாட்சியை வீட்டில் பார்த்துக்கொள்கிறோம். கிரீன் கார்டு வரிசையில் தலை நரைக்கும்வரை நின்றவன் நான். வரிசையைத் தாண்டி வருகிறவர்களைப் பற்றிக் கனிவாகப் பேசச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். ஊர்ப்பழக்கம் என்று ஒன்று இருந்தால் அதில் கை வைக்குமுன் அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும், வந்தவன் இன்னும் கூடுதலாகக் கேட்க வேண்டும். இதெல்லாம் எனக்கு இன்றும் சரியென்றே படுகிறது.

பே ஏரியாவில் வாசலில் அட்டை நட்டு உலகத்தையே வரவேற்ற தெருவில், பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று தெரிந்தவரைத் தேட வேண்டியிருந்தது. டெக்சாஸில் அட்டை இல்லை, வாசலில் அமெரிக்கக் கொடி இருந்தது. என் கார் பேட்டரி செத்த ஒரு காலையில் கொடிக்காரர் ஒருவர் கேட்காமலே ஜம்பர் கேபிளோடு வந்து நின்றார். வண்டி கிளம்பியதும், உங்க ஊர்ல கார் உண்டா என்று விசாரித்துவிட்டுத்தான் போனார். இரண்டையும் வைத்து நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்: இந்த நாட்டின் நல்ல பாதி அதன் அரசாங்கத்தில் இல்லை. சனிக்கிழமை காலையில் அடுத்தவன் பிள்ளைக்குப் பந்து போடச் சொல்லிக்கொடுக்கிறவனிடம் இருக்கிறது, நூலகத்தில் சம்பளமில்லாமல் புத்தகம் அடுக்குகிறவளிடம் இருக்கிறது, தீயணைக்கக்கூடச் சம்பளம் வாங்காத எதிர்வீட்டுக்காரரிடம் இருக்கிறது.

அவருக்கு ஹீட்டர், ஏசி பழுதுபார்க்கும் சொந்தத் தொழில். எங்கள் வட்டத்தின் தன்னார்வத் தீயணைப்புப் படையில் கேப்டன். இடுப்பில் பேஜர். அது அடித்தால் பாதி கழற்றிய மெஷினை அப்படியே விட்டுவிட்டு, வேனின் முகப்பில் நீல விளக்கைச் சுழலவிட்டுக்கொண்டு போவார். அவரை நான் முதலில் பார்த்ததே முழு உடுப்பில்தான், என் வரவேற்பறையில்.

கிரகப்பிரவேசம் ஒரு புதன்கிழமை. முகூர்த்தம் அப்படி அமைந்தது. ஹோமப் புகைக்கு அலாரம் அடிக்கக்கூடாதென்று ஹோட்டல்களிலிருந்து சேர்த்த ஷவர் கேப்புகளை ஸ்மோக் டிடெக்டர்களுக்கெல்லாம் மாட்டியிருந்தோம், இங்கே நம்மவர்கள் எல்லோரும் செய்வதுதான். மாடிப்படிக்கு மேலே இருந்த ஒன்று கண்ணில் படவில்லை; அது அடித்தால் ஃபயர் ஹவுஸுக்குத் தானாகத் தகவல் போய்விடும். பூர்ணாஹுதிக்குச் சற்று முன்னால் வாசலில் கனத்த பூட்ஸ் சத்தம். புரோகிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நெருப்பு நம்ம கண்ட்ரோல்லதான் இருக்கு. அவரை உக்காரச் சொல்லுங்கோ.”

கேப்டன் உட்காரவில்லை. குண்டத்தைச் சுற்றிப் பார்த்தார், கார்ப்பெட் ஓரத்தைக் காலால் தள்ளிவிட்டார், ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முடியும்வரை நின்றார். சர்க்கரைப் பொங்கலை ஒரு காகிதக் கப்பில் வாங்கிக்கொண்டு போனார். எங்கள் சப்டிவிஷன் குடியிருப்பில் அதற்கப்புறம் எத்தனையோ கிரகப்பிரவேசங்கள், பெரும்பாலும் வாரநாள் காலைகளில். ஒவ்வொரு மறந்துபோன டிடெக்டருக்கும் யாரோ ஒருவர் தன் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தார்.

வருடங்களாக டிரைவ்வேயில் பனி தள்ளும்போது நானும் அவரும் பேசிக்கொள்வோம். பெரும்பாலும் ஒத்துப்போகிற பேச்சு. அவர் ஆங்கிலத்தில்தான் பேசுவார். என் காதில் எங்கள் ஊர் ஆள் பேசுவது போலவே விழும். அப்படியே எழுதுகிறேன். வரி பற்றி அவரிடம் ஒரே வார்த்தைதான்: வேண்டாம்.

ஆகவே, ஒரு ஜனவரி மாலையில் வாசல் மணியை அடித்து அவர் சொன்னது எனக்கு உடனே ஏறவில்லை.

“அடுத்த மாசம் ஓட்டு. பகல் நேரத்துக்குச் சம்பளத்துக்கு ஆள் போடலாமான்னு ஓட்டுச்சீட்டுல கேள்வி வச்சிருக்கோம். வரி ஏறும். யெஸ் போடு.”

“நீங்களா கேக்கறீங்க?”

“நான்தான்.”

“வரி வேணாம்னு இத்தனை வருஷம் என்கிட்ட ஓதினது?”

“அதுவும் நான்தான்.” உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. பூட்ஸில் பனி. “போன மாசம் ஒரு நாள் பகல்ல பேஜர் அடிச்சுது. ஒரு வீட்டுக் கிச்சன் முழுக்கப் புகை. வந்தது நானும் இன்னொருத்தரும். அவருக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி. ரெண்டு பேர் உள்ளே போனா ரெண்டு பேர் வெளியே நிக்கணும், அது ரூல்.”

“வெளியே யார் நின்னா?”

“ஆள் இருந்தாத்தானே. பக்கத்து டவுன் வண்டி வர்ற வரைக்கும் ரெண்டு பேருமே வாசல்ல நின்னோம். உள்ளே அந்த வீட்டு அம்மா இருக்காங்களா இல்லையான்னு தெரியாது.”

“இருந்தாங்களா?”

“பின்கதவு வழியா எப்பவோ வெளியே போயிட்டாங்க. அது எங்களுக்குத் தெரியாதே.” பூட்ஸ் பனியை மிதியடியில் தட்டினார். “என் அப்பா இருந்த படை இது. அப்ப சேரவே பேர் குடுத்துட்டுக் காத்திருக்கணும். இப்ப இருக்கறவங்க எல்லாரும் பகல்ல வேலைக்குப் போறாங்க. வேலை இந்த ஊர்ல இல்ல. நீ வேணா சேர்றியா? வாரத்துல ரெண்டு சாயந்திரம் பயிற்சி.”

பாதி வேடிக்கையாகத்தான் கேட்டார். நான் சிரித்தேன். “பகல்ல எனக்கு மீட்டிங்.”

“எல்லாருக்கும் மீட்டிங்தான்” என்றார், குறையாகச் சொல்லவில்லை. அடுத்த வீட்டு மணியை அடிக்கப் போனார். தன் படையைப் பாதி கலைக்கச் சொல்லித் தானே வீடுவீடாகப் போய்க்கொண்டிருந்தார் அவர்.

அந்த வாரக் கடைசியில் நண்பர் ஒருவர் சாப்பிட வந்தார். கோயம்புத்தூர்க்காரர், மருந்துக் கம்பெனியில் வேலை, எங்கள் பகுதித் தமிழர்களின் வாட்ஸ்அப் குரூப்பை நடத்துபவர். கேள்வி அவருக்கும் போயிருந்தது.

“ப்ராபர்ட்டி டேக்ஸ் கட்டியே பாதி உசுரு போகுதுங்க. அந்த எலெக்ஷனுக்கு வர்றதே கொஞ்சம் பேரு. நம்மாளுங்க மட்டும் போய் நோ போட்டாப் போதும், மேட்டர் ஓவர். குரூப்ல போட்டுட்டேன். நீங்க எப்பவும் ஸ்மால் கவர்மெண்ட்னு கிளாஸ் எடுப்பீங்களே, இப்பத்தாங்க சான்ஸ்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி முந்திக்கொண்டாள்.

“அண்ணா, நோ ஜெயிச்சா அப்புறம் பகல்ல யார் போவா?”

“அது அவங்க பார்த்துக்குவாங்க.”

“அவங்கன்னா ரெண்டு பேரு. நீங்க போறீங்களா?”

“நமக்கு எதுக்குங்க அந்த வேலையெல்லாம்.”

“இவர் போறாரான்னு கேளுங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் ஹெல்மெட் மாட்டிக்கிட்டுப் போங்க, நானே வந்து நோ போடறேன். போக மாட்டீங்கல்ல? அப்ப காசைக் கட்டுங்க.”

நண்பர் அப்பளத்தை உடைத்தார். “இந்த வீட்ல ரெண்டு ஓட்டும் ஒண்ணுக்கொண்ணு கேன்சல் ஆயிரும் போலிருக்குதுங்களே.”

சாப்பாட்டு மேசையின் மறுகோடியில், போனிலிருந்து தலையெடுக்காமல் மகள் சொன்னாள்: “அப்பா, யூ ஆர் ஓவர்திங்கிங் எ ஃபயர் ட்ரக்.” அவளுக்குத் தமிழ் எல்லாம் புரியும்.

ஓவர்திங்கிங்தான். அதற்கடுத்த வாரங்களில் நடந்துகொண்டே அதைத்தான் செய்தேன். நடக்காமல் எனக்கு எதுவும் ஓடாது. தெருவின் கோடி வரை போய், பள்ளிக்கூடத்து வேலியைத் தொட்டு, திரும்பி, மறுபடியும் போய். அரசாங்கம் சிறியதாக இருக்க வேண்டும் என்பது நல்ல வாக்கியம். அதை யார் சொன்னாலும் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் அரசாங்கம் விலகி நிற்கும் இடத்தில் ஆள் ஒருவர் நிற்க வேண்டும் என்பதும் அதே வாக்கியத்துக்குள்தான் இருக்கிறது. வலதுசாரிகள் முதல் பாதியைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இடதுசாரிகளுக்கு இரண்டாம் பாதி இருப்பதே தெரியாது. நிற்பதற்கு ஆள் வேண்டுமென்றால் ஒரு இலாகா திறக்கச் சொல்வார்கள். நான் பார்த்து வியந்த அந்த நல்ல பாதி, யாரும் வரியைக் குறைத்து உண்டாக்கியது இல்லை. அவரவர் சாயங்காலங்களைக் கொடுத்து உண்டாக்கியது. அவரவர் சாயங்காலம் இப்போது காரில் போகிறது, மீட்டிங்கில் போகிறது, என்னுடையதும் அப்படித்தான். நான் வந்து சேர்ந்தது, சாயங்காலங்களைக் கொடுத்த அந்த நாடு கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரத்தில்.

தேர்தல் நாளில் ஃபயர் ஹவுஸ் முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. குரூப் வேலை செய்திருந்தது. பாதிப் பேர் நம்மவர்கள், குடும்பம் குடும்பமாக, கோவிலுக்கு வந்தவர்கள்போல ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டு. வாசலுக்கு அருகே ஆதரவு கேட்கக்கூடாது என்பதால் எதிர்வீட்டுக்காரர் தள்ளிப்போய், சாலையோரத்தில் சிவப்பு வண்டிகளின் பக்கத்தில் குளிரில் நின்றார். கடந்து போகிறவர்களுக்கெல்லாம் கையை உயர்த்தினார். நம்மவர்கள் மரியாதையாகப் பதிலுக்குக் கையை உயர்த்திவிட்டு நோ போட உள்ளே போனார்கள். நண்பர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார்.

மேசையில் இருந்த மூதாட்டி கையெழுத்து வாங்கிக்கொண்டு, இந்த வருஷம் எவ்வளவு பேர் வர்றாங்க பாருங்க, சந்தோஷமா இருக்கு என்றார்.

தாளை எடுத்துக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனேன். கை தானாகப் போட்டது என்று எழுத ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. யோசித்துத்தான் யெஸ் போட்டேன். என் கருத்து மாறிவிட்டதா என்று கேட்டால், இல்லை; அதற்காக நான் இடுப்பில் பேஜர் மாட்டிக்கொள்ளப் போவதில்லை என்பதும் மாறவில்லை. இரண்டும் தெரிந்தவன் நோ போட முடியாது.

மறுநாள் காலை அவர் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.

“பாஸ் ஆயிடுச்சு.”

“வித்தியாசம்?”

“அத்தனை பேரையும் என் வேன்லயே ஏத்திடலாம்.” நான் எதற்குப் போட்டேன் என்று அவர் கேட்கவில்லை. இங்கே அதைக் கேட்க மாட்டார்கள். முகத்தில் ஜெயித்தவரின் களை எதுவும் இல்லை. தொட்டியின் மூடியை இரண்டு முறை சரிசெய்துவிட்டு உள்ளே போனார்.

கோடையில் பகல் ஆட்கள் வந்தார்கள். அவருக்கு இனி இரவும் வாரக்கடைசியும் மட்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் ஜன்னலோரம் மீட்டிங்கில் இருந்தேன், அவர் டிரைவ்வேயில் வேனுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். தெருமுனையில் சைரன். கையிலிருந்ததைப் போட்டுவிட்டு டிரைவர் கதவுக்கு நாலடி எடுத்து வைத்தார், அப்புறம் நின்றார். சிவப்பு வண்டி எங்கள் வீடுகளைத் தாண்டிப் போனது. கையை உயர்த்தினார். உள்ளே இருந்தவர்கள் அவரைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

நான் வெளியே வந்தேன்.

“நாலு பேர் இருந்தாங்க” என்றார், வண்டி போன பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “நாலும் சின்னப் பசங்க.”

“நல்லதுதானே.”

“நல்லதுதான்.”

அப்புறம் ஏணியைத் தூக்கி வேன் மேலே கட்டத் தொடங்கினார். ஒரு முனை தரையில் இழுபட்டது, போய்ப் பிடித்துக்கொண்டேன். காதில் இருந்த இயர்பட்டில் யாரோ என்னிடம் ஏதோ கேட்டார்கள். அவர் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போடும்வரை ம்யூட்டை எடுக்கவில்லை.