ராமாமணியின் ‘பாக்கலாமுங்க’

ராமாமணிக்குக் கோபம் வந்தால் அவள் சத்தம் போடமாட்டாள். கீபோர்டுதான் சத்தம் போடும். கணபதி ஏரியாவில் ஒரு மாடியில் இரண்டு அறை எடுத்து, அவளும் நானும் ஆலைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதித் தருகிறோம். பதினாறு வருடமாகப் படியேறி வருகிற எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான். “ஏனுங்க, இருக்கறதுலயே நல்ல லாங்குவேஜ் எதுங்க?”

எந்த வேலைக்கு என்று திருப்பிக் கேட்டால் மட்டும் ஒருவருக்கும் பதில் தெரியாது.

காங்கேயத்தில் தம்பிதுரை அண்ணனுக்குக் கொப்பரை காயவைக்கும் டிரையர் இருக்கிறது. பூவாத்தாளும் இன்னும் நான்கு பெண்களும் அதன் பக்கத்தில் நின்றுதான் கொப்பரை கிளறுகிறார்கள். சூடு ஏறினால் ஹீட்டரை நிறுத்தும் சின்ன போர்டுக்கு ராமாமணி சி-யில் எழுதினாள். ஃபோனில் பார்க்கும் திரைக்கு நான் ஜாவாஸ்கிரிப்ட். எந்த லோடு எத்தனை நாளில் காய்ந்தது என்று அலச, பைத்தான். நான்கு வருடம் ஒரு தொல்லையும் இல்லை. அப்புறம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் ஆனது.

மாப்பிள்ளை மனோஜ்குமார் நம்மூர்க் குடும்பம்தான்; ஆனால் பிறந்து வளர்ந்தது புனேயில். ஆறு மாதம் ஆன்லைனில் ஏதோ படித்திருந்தார்.

“மூணு லாங்குவேஜ் எதுக்கு மேடம்? எல்லாத்தையும் பைத்தான்ல கொண்டுவந்துடலாம். நானே எழுதிடறேன்.”

“அலசறதுக்கு பைத்தான் மாதிரி வராதுங்க,” என்றாள் ராமாமணி. “சூட்டுக்கு அது வேலைக்காவாதுங்க. கரண்ட் போயி வந்தா போர்டு உடனே எந்திரிச்சுக்கும். பைத்தானுக்கு ஒரு குட்டி கம்ப்யூட்டர் வெக்கோணும். அது எந்திரிக்க ஒரு நிமிஷமாவும், சில நேரம் எந்திரிக்காமயே போயிரும். தேங்கா உரிக்கற பாரையில மொகம் வழிக்க முடியுங்களா?”

அவர் சிரித்தார். “அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம். மாத்திடலாம்தானே?”

ராமாமணி தம்பிதுரை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கொப்பரைக் குவியலைப் பார்த்தார்.

“பாக்கலாமுங்க,” என்றாள்.

கொங்கு நாட்டில் இதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. பெண் கேட்டு வந்தவர்களிடம் ‘பாக்கலாமுங்க’ என்றால், காபியைக் குடித்துவிட்டு வேறு வீடு பார்க்கப் போய்விடுவார்கள். புனேக்காரர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். இரண்டே வாரத்தில் போர்டைக் கழற்றிப்போட்டுக் குட்டி கம்ப்யூட்டரை மாட்டினார்.

ஒரு மத்தியானம் கரண்ட் போய் வந்தது. ஹீட்டர் எரியத் தொடங்கியது. குட்டி கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. கொப்பரை கருகிப் புகைந்தது. உள்ளே என்ன என்று பார்க்க பூவாத்தாள் கதவைப் பிடித்து இழுத்ததில் வலது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அந்தக் கையோடு ஓடிப்போய் மெயினை அணைத்ததும் அவள்தான்.

மறுநாள் நாங்கள் போனபோது தம்பிதுரை அண்ணன் தலை நிமிரவில்லை. “நீங்க பாக்கலாமுன்னப்பவே எனக்குப் புரிஞ்சுதுங்க அம்மணி. மாப்ளகிட்ட எப்படிங்க வேண்டாம்னு சொல்றது?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் மரியாதைக்கும் அவள் மரியாதைக்கும் நடுவில் வெந்தது பூவாத்தாளின் கை. ராமாமணி பழைய போர்டைத் தேடி எடுத்துத் தூசி துடைத்தாள்.

மனோஜ்குமார் வந்தார். “ஸாரி மேடம். பைத்தானை விட்டுடலாம். அதே குட்டி கம்ப்யூட்டர்ல ஜாவால எழுதினா சரியா வருமா?”

ராமாமணி பூவாத்தாளின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள்.

“முடியாதுங்க,” என்றாள்.

வேலை கொடுப்பவர் ஒருவரிடம் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அதிலும் அந்த ‘ங்க’வை மட்டும் அவளால் விட முடியவில்லை.