கோலமாவு போட்ட பெட்ரோல் குழாய்

மோட்டார் ரிப்பேரில் கையைச் சுடும் வேலை உண்டு, இடுப்பை ஒடிக்கும் வேலை உண்டு. மானத்தை வாங்குவது பெட்ரோல் ஒழுக்கைத் தேடும் வேலைதான். அதில் மாட்டி விழித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். யுத்த காலம், கூப்பன் இருந்தால்தான் பெட்ரோல். காளவாசல் பக்கம் நானும் காதர் பாயும் கூட்டாகப் பட்டறை வைத்திருந்தோம்.

என் மூக்கும் பாயின் மாவும்

எனக்கு மோப்பம் அதிகம். எந்தப் பக்கம் கசிகிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வேன். பாய்க்கு ஒரு விஷக்காய்ச்சலுக்குப் பிறகு வாசனையே தெரியாது. பிரியாணியும் பழைய சோறும் அவருக்கு ஒன்றுதான். அதனால் எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். பெட்ரோல் டாங்கியிலிருந்து எஞ்சின்வரை குழாயைத் துடைத்து, கோலமாவைத் தூவி, எஞ்சினை ஓடவிட்டுக் குனிந்து பார்ப்பார். மாவு எங்கே நனைகிறதோ அங்கே ஓட்டை. எவ்வளவு சுலபம், எனக்கு ஏன் தோன்றவில்லை! காரை எடுக்க வந்த கீழக்குயில்குடிக்காரர் ஒருவர் இதை ரசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாய், நாளைக்குக் காலையில எங்க வீட்டு வாசலுக்கும் வந்துருங்க.”

நான் சொன்ன தீர்ப்பு

பேரையூர் பஸ்ஸில் தினமும் பெட்ரோல் குறைந்தது. டிரைவர் கருப்பையா திருடி விற்கிறார் என்று முதலாளிக்குச் சந்தேகம். அந்தப் பேச்சு கருப்பையாவின் வீடுவரை போயிருந்தது. பஸ் பட்டறைக்கு வந்தது. அடியில் படுத்து மோந்து பார்த்தேன். துளி வாசனை இல்லை. “ஒழுக்கெல்லாம் இல்லை” என்று பெரிய மனுஷன் தோரணையில் சொல்லிவிட்டேன். முதலாளி உடனே கருப்பையாவிடம் சாவியைக் கேட்டு வாங்கினார். கருப்பையா என்னைப் பார்த்துக் கேட்டார்: “பெட்ரோல் வாசம் தெரியும்ணே உங்க மூக்குக்கு. என்னையத் தெரியுமா?”

காலி வண்டியும் நிறைந்த வண்டியும்

பாய் முதலாளியிடம் ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டார். மாவு தூவினார், எஞ்சின் ஓடியது, மாவு வெள்ளையாகவே இருந்தது. என் வாக்கு பலித்ததில் எனக்கு ஒரு அற்பத் திருப்தி. பாய் எழுந்து, “பேரையூருக்கு இது காலியாவா போகுது?” என்றார். நேரே ரோட்டுக்குப் போய், சந்தைக்கு நடந்துகொண்டிருந்தவர்களையெல்லாம் கும்பிட்டுக் கூப்பிட்டார். பீடியை அணைக்கச் சொல்லி பஸ்ஸில் ஏற்றினார்.

பாரத்தில் வண்டியின் அடிச்சட்டம் அமிழ்ந்தது. அதோடு குழாயும் வளைந்தது. மாவில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது. பார்க்கப் பார்க்கக் கோடாக ஓடியது. ஆள் ஏறினால் திறந்து, இறங்கினால் மூடிக்கொள்ளும் விரிசல்! ஓட்டத்தில் கசிந்ததைக் காற்று கொண்டுபோய்விடும், என் மூக்குக்கு என்ன மிஞ்சும்? பாயைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கருப்பையாவிடம் மன்னிப்புக் கேட்டேன். முதலாளி சாவியை நீட்டினார். அதை வாங்காமல் கருப்பையா பாயின் கையைப் பிடித்தார்: “அந்தப் பொட்டத் துடைச்சிராதீங்க பாய். என் வீட்டுக்காரியக் கூட்டியாந்து காட்டணும்.”

அன்றிலிருந்து நானும் கோலமாவு வாங்குகிறேன். மூக்கை ஜலதோஷத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.