கைப்பிடி அரிசி

2009-இல் மனைவி வீட்டுவேலைக்காகக் குவைத்துக்குப் போனாள். திற்பரப்புப் பக்கம் ரப்பர் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த நான், பிள்ளைகளுக்காக நாற்பது வயதுக்குமேல் சோறு வைக்கக் கற்றுக்கொண்டேன். கைப்பிடி அரிசி மட்டும் நின்றுவிடக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் அவள் போயிருந்தாள்.

எங்கள் சபை வீடுகளில் உலையில் அரிசி போடும் ஒவ்வொரு முறையும் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து டப்பாவில் சேர்ப்பார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு பெண்கள் அதை ஆலயத்துக்குக் கொண்டுபோய், பீடத்தின் முன்னால் வைத்திருக்கும் கடவம் என்ற பெரிய ஓலைப்பெட்டியில் கொட்டுவார்கள். பெண்கள் மட்டும்தான். நாலு பேர் பார்க்க நடப்பதே எனக்குச் சங்கடம். அந்த வரிசையில் எப்படிப் போய் நிற்பது?

முதல் மாதம் ஒரு வழி கண்டுபிடித்தேன். அன்றாடம் எடுக்க மறந்துபோனதால், சனிக்கிழமை சாக்கிலிருந்து நாலு நாழி மொத்தமாக அள்ளி டப்பாவை நிரப்பி, பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். மறுநாள் மாலை போனில் இதைப் பெருமையாகச் சொன்னபோது மனைவி சிரித்தாள்.

"ஒரு மாசத்துச் சோத்த ஒரே நாளில தின்னுருவியளா?"

அதெப்படி முடியும் என்றேன்.

"பின்ன குடுக்குதது மட்டும் ஒரே நாளிலயா? உலைக்கு அளந்ததுல இருந்து எடுக்கணும். பானையில ஒரு பிடி குறையணும். பைபிள்ல எண்ணாகமத்த எடுத்துப் படிச்சுப் பாருங்க."

படித்தேன். காலையில் ஓர் ஆட்டுக்குட்டி, அந்தியில் ஓர் ஆட்டுக்குட்டி, கூடவே எண்ணெயில் பிசைந்த மாவு, நாள்தோறும். பண்டிகைக்கான பெரிய பலிகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அந்த நாட்களிலும் இந்த அன்றாடப் பலி நிற்பதில்லை. ஆண்டவருக்கு எதற்கு இத்தனை ஆடு என்று முன்பெல்லாம் தோன்றும். இப்போது, விடியுமுன் எழுந்து பழுதில்லாத குட்டியைத் தேடிப்போகும் ஆளை நினைத்துப் பார்த்தேன். நேற்றுக் கொடுத்தது நேற்றோடு சரி. இன்றைக்கும் அவன் எழும்ப வேண்டும்.

அடுத்த நாளிலிருந்து, வெட்டுக்குப் போகுமுன் வைக்கும் உலைக்கு ஒரு பிடி, இரவு உலைக்கு ஒரு பிடி எடுத்தேன். எடுக்கும்போதே மனைவியையும் பிள்ளைகளையும் ஒரு வார்த்தையில் ஆண்டவரிடம் ஒப்படைப்பேன். மழை பெய்து வெட்டும் கூலியும் நின்ற நாட்களில் பிடி தானாகச் சிறுத்தது. விரலை விரித்து மறுபடி எடுத்தேன்.

மாதம் முடிந்து அக்கா டப்பாவைக் கேட்டு வந்தபோது கொடுக்க மனம் வரவில்லை. நானே கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அந்தப் பெண்கள் வரிசை நினைவுக்கு வந்தது.

ஆலயத்தில் பாட்டு தொடங்கிப் பெண்கள் எழுந்தார்கள். நானும் டப்பாவோடு எழுந்தேன். ஆண்கள் பக்கமிருந்து ஒருவர், "ஏலே, பெண்கள் சங்கத்துல சேந்துட்டியா?" என்றார். பின்னால் சிரிப்பு கேட்டது.

வேறு நாளாக இருந்தால் உட்கார்ந்திருப்பேன். அன்று திரும்பி, "வீட்ல சோறு வைக்குதது நான்லா அண்ணே" என்றேன். அவரும் சிரித்துவிட்டார். முன்னால் நின்ற பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள்.

கடவத்தில் டப்பாவைக் கவிழ்த்தேன். எங்கள் வீட்டுச் சிவப்பரிசி மற்றவர்களின் வெள்ளையரிசிமேல் பரவிக் கலந்தது. திரும்பி நடக்கையில் யார் பார்க்கிறார்கள் என்று நான் கவனிக்கவில்லை. பாட்டில் இன்னும் ஒரு சரணம் மீதி இருந்தது. ஆலயத்தில் வாயை மட்டும் அசைத்துப் பழகியவன், அதை எல்லோருக்கும் கேட்கும்படி பாடினேன்.