ஓடக் கூடாத ஜீப்

வண்டி அரசாங்கத்துடையது, ஓட்டுநர் ஒப்பந்தக்காரருடைய ஆள், வசவு மட்டும் முழுக்க முழுக்க என்னுடையது: இதுதான் என் தொழில்.

திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு ராணுவப் பயிற்சி முகாமின் தண்ணீர், துப்புரவு, போக்குவரத்து வேலைகளைத் தனியார் நிறுவனத்திடம் விட்டிருந்தார்கள். அந்த நிறுவனத்தின் வாகன மேலாளர் நான். ஒப்பந்தம் முடியும்போது வண்டிகளை வாங்கிய நிலையிலேயே திருப்பித் தர வேண்டும். அது முடியாமல் புதிய ஒப்பந்தக்காரர் எங்கள் ஓட்டுநர்களை வேலைக்கு எடுக்க முடியாது. அரசுப் பொருளைக் கையெழுத்திட்டு வாங்கிய என் சக பாவிகளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

பௌர்ணமித் தண்ணீர்

முகாமின் தண்ணீர் லாரி ஒரு பௌர்ணமியன்று அடி அண்ணாமலையில் கிரிவலக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது. தண்ணீர்ப் பந்தல் என்று நினைத்த பக்தர்கள் குழாயைத் திறந்து, வரிசையில் நின்று, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டார்கள். காலியாக வந்த லாரியைப் பார்த்து நான் கத்தியதற்கு ஓட்டுநர் ஏழுமலை நிதானமாகச் சொன்னார்:

"குழாய மூடத்தான் போனேன் மேடம். வரிசையில வாங்கன்னு என்னையே பின்னால அனுப்பிட்டாங்க."

பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள் தணிக்கை அதிகாரி வந்தார். எல்லா வண்டிகளின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். அரசு வாகனத்தில் அனுமதியின்றிச் செய்த மாற்றம் இது, உடனே அழிக்க வேண்டும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை முந்திக்கொண்டார்:

"அழிச்சிடறேன் சார். இந்த வண்டில பிரேக் கொஞ்சம் கம்மி, அதான் பொட்டு ஜாஸ்தியா வெச்சேன்."

ஒப்படைப்பு

செத்துப்போன ஜீப் ஒன்றையும் எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். மெக்கானிக் பாஷா பாய் சும்மா இருக்க மாட்டாமல் அதற்கு உயிர் கொடுத்துவிட்டார். ஒப்படைக்கும் நாளில் பெருமையோடு நானே அதை ஓட்டிப்போய் நிறுத்தினேன். பொருள்களைத் திரும்ப வாங்கும் சுபேதார் முகம் சுளித்தார்.

"ஓடாத ஜீப்புன்னுதானே குடுத்தோம்? இது ஓடுதே! எங்க ஜீப் எங்க?"

அதே ஜீப்தான், நம்பரைப் பாருங்கள் என்றேன். பார்த்தார். "நிலைமை மாறியிருக்கு. விசாரணை போடாம வாங்க முடியாது" என்றார். விசாரணை மாதக்கணக்கில் நடக்கும். அதுவரை வாசலில் காத்திருக்கும் ஓட்டுநர்களுக்கு வேலை இல்லை. படித்துப் பட்டம் வாங்கிய வாயால் வாதாடிப் பார்த்தேன், பலிக்கவில்லை. கடைசியில் பாஷா பாயைக் கூப்பிட்டு, பழையபடியே ஆக்கிவிடச் சொன்னேன். அவர் ஜீப்பின் பானெட்டைத் தடவிக்கொடுத்தார்:

"ஓட வெச்சதுக்குக் கூலி வாங்கினேன் மேடம். சாகடிக்கறதுக்கு வாணாம். நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

அன்று மாலையே ஓட்டுநர்கள் அனைவருக்கும் வேலை உறுதியானது. சுபேதார் வாயாரப் பாராட்டிக் கையெழுத்திட்ட ஒரே வண்டி, அவர்கள் வியர்க்க வியர்க்கத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திய அந்த ஜீப்தான்.