உயரமான பெடியனும் கட்டைப் பெடியனும்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நானும் வந்து நிற்பதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் கூடினால் வாய் திறக்கக் கூச்சப்படுவேன். அதிலும் நான் சொல்ல வந்தது அமெரிக்கர்களின் கால்பந்தைப் பற்றி. தலைக்கவசம் போட்டுக்கொண்டு முட்டி மோதி, பந்தைக் கையால் எறிந்து கையால் பிடிக்கிறார்களே, அந்த விளையாட்டு. என் வயதுப் பெண் ஒருத்திக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால் நியாயம்தான்.

எண்பதுகளின் நடுவில் கல்யாணமாகி லண்டனுக்கு வந்தேன். ஃபாரஸ்ட் கேட்டில் வீடு. என் கணவருக்குப் பெட்ரோல் நிலையத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேர ஷிப்ட். நான் சான்ட்விச் பொதி செய்யும் தொழிற்சாலையில் நின்றேன். இயந்திரச் சத்தத்தில் அங்கே யாரும் பேசுவதில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சாரதிக்குச் சொல்லும் 'தாங்க்யூ'வைத் தவிர ஒரு சொல்லும் பேசாமல் போன நாட்களும் உண்டு.

அந்த நாட்களில்தான் ஞாயிறு பின்னேரங்களில் அந்த விளையாட்டைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். இந்த நாட்டில் அநேகருக்கு அது தெரியாது என்பதால் கோடு போட்டு, படத்தை நிறுத்தி, ஆறுதலாக விளக்கினார்கள். லண்டனுக்கு வந்ததிலிருந்து எனக்கு யாரும் எதையும் அப்படி விளக்கியதில்லை. வெள்ளைக்காரர்களும் நானும் ஒரே நாளில் ஒரே வகுப்பில் சேர்ந்த மாதிரி இருந்தது.

என் கணவரின் தம்பி எங்களோடு இருந்தார். கணக்கியல் படித்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டு முதலில் சிரித்தார். பிறகு தானும் வந்து இருந்தார். அண்ணன் வீட்டில் இல்லாத நேரம் என்பதால் அறைக் கதவை அகலத் திறந்துவிட்டு, கதவோரக் கதிரையில்தான் இருப்பார். யாரும் சொல்லிக் கொடுத்த ஒழுங்கு அல்ல, ஆனால் இருவருக்கும் தெரியும். ஹீட்டரின் சூடு முழுவதும் மாடிப்படியால் ஏறிப் போய்விடும். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு பார்ப்பேன். அவர் போர்வையைச் சுற்றிக்கொள்வார்.

எப்போதும் தோற்கிற கழகம் ஒன்றை எங்கள் கழகமாக வைத்துக்கொண்டோம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு வருடமும் கல்லூரி முடித்துவரும் விளையாட்டு வீரர்களைக் கழகங்கள் முறைவைத்துத் தெரிவு செய்யும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். ஆகக் கூடுதலாகத் தோற்ற கழகத்துக்கு முதல் தெரிவு. தோற்றவரை முன்னுக்குக் கூப்பிடும் வழக்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஜனவரியோடு ஆட்டங்கள் முடிந்துவிடும். பிறகு திங்கட்கிழமைகளில் கடைக்கு வரும் ஒரு பத்திரிகையை வைத்துக்கொண்டு ஞாயிறுகளில் வாதாடுவோம். நான் சொல்லும் அந்த வருடம் எங்கள் கழகத்துக்கு வைட் ரிசீவர் ஒருவர் தேவைப்பட்டார். ஓடிப்போய், எறிந்த பந்தைப் பிடிப்பவர் அவர். பத்திரிகை இரண்டு பேரைப் பற்றி நிறைய எழுதியது. ஒருவன் பெரிய கல்லூரிப் பெடியன், நல்ல உயரம். மற்றவன் பெயர் தெரியாத கல்லூரி, கட்டை. ஆனால் கைக்கு வந்த பந்தை விடமாட்டான் என்று எழுதியிருந்தது.

தம்பி உயரமானவன் பக்கம்.

"அண்ணி, உங்கட ஆள் மேசைக்குக் கீழால ஓடுவான். பந்து மேலால போகும்."

"உம்மட ஆளின்ர கையில சவர்க்காரமெல்லோ. போன வருசம் எத்தினையை விட்டவனாம்?"

"எங்களிட்ட உயரமான ஆள் ஒருத்தனும் இல்லை. எது இல்லையோ அதைத்தானே எடுக்கவேணும்?"

"தேவை வருசத்துக்கு வருசம் மாறும், தம்பி. தேவையைப் பார்த்து எடுக்கிறவை பிறகு தலையில கை வைப்பினம். ஆர் நல்லவனோ அவனை எடுக்கவேணும்."

"உங்கட பெடியன்ர கொலிஜுக்குப் போக றோட்டே இல்லையாம்!"

"அதுதான் நல்லா ஓடுறான்."

தம்பி போர்வையோடு விழுந்து விழுந்து சிரித்தார். நான் ஒரு பகிடி சொல்லி ஒருவர் சிரிப்பது எனக்குப் புதிது. கிழமை முழுவதும் சான்ட்விச்சுகளுக்கு நடுவே அடுத்த ஞாயிறு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நிற்பேன்.

அந்த இரண்டு பெடியன்களும் ஓடி நாங்கள் பார்த்ததில்லை. ஒரு சின்னப் படம், உயரம், நிறை, படித்த இடம், இவ்வளவுதான் தெரியும். எங்கள் ஆட்களுக்கு இது புதிதா? கல்யாணம் பேசுவதும் இப்படித்தானே.

அந்த வசந்தத்தில் தம்பிக்கும் இரண்டு இடங்களில் பேசிவந்தது. ஒன்று இங்கே லண்டனில், மோர்டனில். பிள்ளைக்கு நல்ல வேலை, சாதகமும் பொருத்தம். கல்யாணத்துக்குப் பிறகு தம்பி எங்களுக்குக் கிட்டவே வீடு பார்க்கலாம் என்று பேச்சு. மற்றது ரொறன்ரோவில். அதைச் செய்தால் அவர் அங்கே போய்விட வேண்டும்.

என் கணவர் ஷிப்டுக்கு வெளிக்கிடும்போது சொன்னார்: "மோர்டனைச் செய்யச் சொல்லு. அவன் நீ சொன்னாத்தான் கேப்பான். நீயும் தனிய இருக்கமாட்டாய்."

அந்தக் கடைசி வசனம் அவர் வாயிலிருந்து வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. நான் தனிய இருப்பதைக் கண்டிருக்கிறார்.

அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். டிராஃப்ட் முடிந்துவிட்டது, ஆனால் யாரை எடுத்தார்கள் என்று அறிய மறுநாள் பத்திரிகை வர வேண்டும். தொலைக்காட்சியில் ஒன்றும் இல்லை. வழக்கம் விடாமல் கோட்டோடு நானும் போர்வையோடு அவருமாக இருந்தோம். கதவு திறந்து கிடந்தது.

"அண்ணி, ரெண்டு இடத்துக்கும் நாளைக்கு மறுமொழி சொல்லவேணும்" என்றார் தம்பி.

"ஓம். உம்மட அண்ணை சொன்னவர்."

"நீங்கள் எண்டா ஆரை எடுப்பியள்?"

நான் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'மோர்டன்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். கிழமைக்கு ஒருமுறையாவது அந்தக் கதிரையில் ஓர் ஆள் இருக்கும். பிள்ளையும் நல்ல பிள்ளைதான், பொய் சொன்னதாகவும் ஆகாது.

ஆனால் ரொறன்ரோப் பிள்ளையோடு அவர் ரெலிபோனில் கதைத்ததை நான் குசினியில் நின்று கேட்டிருக்கிறேன். என் பகிடிக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு. மோர்டன் பிள்ளையோடு கதைத்தபோது 'ஓம், ஓம்' என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"என்ன அண்ணி, பேசாமல் இருக்கிறியள்? டிராஃப்ட் எண்டா பொரிஞ்சு தள்ளுவியள்."

"அதில சொன்னதைத்தான் இதிலயும் சொல்லுவன்."

"என்னெண்டு?"

"தேவையைப் பாக்கக்கூடாது."

"ஆரின்ர தேவை?" என்று கேட்டார்.

"ஒருத்தற்ற தேவையையும். ரொறன்ரோப் பிள்ளையோட கதைக்கேக்க நீர் சிரிச்சனீர். அந்தப் பிள்ளையை எடும்."

அவர் போர்வையை மடித்துக் கதிரையில் வைத்தார்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமையில நீங்கள் ஆரோட சண்டை பிடிப்பியள்?"

"ரீவியோட" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"தேத்தண்ணி போடட்டே?" என்று எழும்பினேன். குசினியில் குழாயைத் திறந்துவிட்டு, கேத்தல் நிரம்பி வழியும் வரை நின்றேன்.

மறுநாள் தம்பி ரொறன்ரோவுக்கு ரெலிபோன் எடுத்துச் சம்மதம் சொன்னார். நான் வேலை முடிந்து வரும் வழியில் பத்திரிகையை வாங்கினேன். எங்கள் கழகம் உயரமானவனையும் எடுக்கவில்லை, கட்டையனையும் எடுக்கவில்லை. ஒரு தடுப்பாட்டக்காரனை எடுத்திருந்தது.