அப்பா முதுகிலும் என் முதுகிலும்

என் வாய்க்குச் சின்ன வயதிலிருந்தே பூட்டு கிடையாது. அதனால் பட்டவர் அப்பா.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் அவருக்கு டிரம் வேலை. டிரம்முக்குள் குரோம் மருந்துத் தண்ணீரில் ஊறிய தோலை வாரி வாரி எடுக்கவேண்டும். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோற்றில் கை வைத்தாலே எரியும். மேஸ்திரி கேட்டால், சுண்ணாம்பு பட்டு வெந்துவிட்டது என்று சொல்லிவைப்பார். சுண்ணாம்புப் புண் எல்லாருக்கும் வருவதுதான்.

வேலூர் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போனது எனக்காக. ஷாப்பிலிருந்து கொண்டுவந்த துண்டுத் தோலில் அப்பா எனக்குச் செருப்பு தைத்துக் கொடுத்திருந்தார். அதைப் போட்ட பாதம் முழுக்கக் கொப்புளித்து நீர் வடிந்தது. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, முதுகில் வரிசையாக மருந்துப் பட்டை ஒட்டவேண்டும் என்றார் டாக்டரம்மா. அப்பாவின் கையைப் பார்த்துவிட்டு, "நீங்களும் சட்டையைக் கழட்டுங்க" என்றார்.

இரண்டு நாள் குளியல் கிடையாது, ஓட்டம் கிடையாது. மூன்றாம் நாள் உரித்துப் பார்த்தால், குரோம் மருந்து வைத்த அதே இடத்தில் இருவருக்கும் தடித்துச் சிவந்திருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்!

"பாப்பாவுக்குச் செருப்பை மாத்துங்க. நீங்க வேலையை மாத்துங்க" என்றார் டாக்டரம்மா.

அப்பா தலையை ஆட்டினார். பஸ்ஸில் என்னிடம், "உன் முதுக பத்தி இன்னா வேணா சொல்லிக்கோ. அப்பா முதுக பத்தி மட்டும் யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

ஒரு வாரம் அடக்கிக்கொண்டிருந்தேன். அதற்கே எனக்கு மாலை போடவேண்டும். பள்ளிக்கூடத்தில் மேஸ்திரி மகள், "சொறி புடிச்சவளே, தள்ளி உக்காரு" என்றாள். வந்ததே எனக்குக் கோபம். "எங்கப்பாவுக்கும் இதேதான்டி! ஆஸ்பத்திரியிலேயே கண்டுபிடிச்சிட்டாங்க. ஷாப்பு குரோம்தான் ஆவலயாம்!" என்று கத்திவிட்டேன்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கே அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். "ஆஸ்பத்திரி வரைக்கும் போனவன வெச்சிக்கினா மொதலாளிக்குப் பேஜாரு" என்று மேஸ்திரி அனுப்பிவிட்டாராம்.

"நீ சொன்னியாம்மா?" என்று கேட்டார்.

"ஆமா."

"சரி, போய் வெளையாடு."

வேறு எந்த ஷாப்பிலும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அம்மா பீடி சுற்ற ஆரம்பித்தாள். அப்பா பகலெல்லாம் வீட்டிலேயே இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. நான்கைந்து மாதத்தில் அவர் கை ஆறிப் புதுத்தோல் வந்துவிட்டது. அதைத் தடவிப் பார்த்து, "பாத்தியாப்பா, நான் சொன்னதாலதான் உன் கை நல்லாச்சு" என்றேன்.

"ஆமா கண்ணு" என்றார் அப்பா.

அம்மா பீடி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அப்பாவுக்குக் குணமானது அவளுக்குப் பிடிக்கவில்லை என்றே நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.